தண்டவாளம் போன பின்னும் தங்கிய வழித்தடம்

மலையும் ஆறும் அருகருகே அமைந்த நாட்டுப்புறத்தில் மிதிவண்டிக்கு ஏற்ற நெடும்பாதை இயற்கையாக வாய்ப்பதில்லை. ஆற்றங்கரை பல இடங்களில் செங்குத்துப் பாறையில் முட்டி முடிந்துவிடும். மலைச்சாலையோ மோட்டாரின் வலுவைக் கணக்கிட்டுப் போடப்பட்டதாகையால், மனிதக் காலுக்கு மிஞ்சிய ஏற்றங்களைக் கொண்டிருக்கும். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் மேல் பாலம் எழுப்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு மெல்லிய சாய்வு மாறாமல் ஒரு தடத்தை மிதிவண்டிக்கென்றே அமைக்க முன்வரும் அரசு அரிது. ஆகவே இத்தகைய நிலப்பரப்பில் இன்று புகழ்பெற்றுள்ள சரளைப் பாதைகளுள் பல, வேறொரு நூற்றாண்டில் வேறொரு தேவைக்காக வெட்டப்பட்டு, அத்தேவை மறைந்த பிறகு எஞ்சிய தடங்களின் மேல்தான் செல்கின்றன. அந்தத் தடங்கள் எஞ்சுவதும் எஞ்சாமல் போவதும் தற்செயலைப் பொறுத்தவை அல்ல. ஒரு சமூகம் தன் பொது நிலத்தை எவ்வாறு கருதுகிறது என்பதைப் பொறுத்தவை.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் அலெகேனி மலைப்பகுதியில் உள்ளது. பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லாண்ட் வரை 240 கிலோமீட்டர் நீளும் 'கிரேட் அலெகேனி பேசேஜ்' என்னும் பாதை, கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேல் அமைந்தது. கம்பர்லாண்டில் அதனோடு இணைந்து, பொடோமாக் ஆற்றின் கரையோரமாகத் தலைநகர் வாஷிங்டன் வரை 297 கிலோமீட்டர் செல்லும் மற்றொரு பாதை, செசபீக்–ஓஹையோ கால்வாயின் இழுவைப் பாதை, அதாவது படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைவழி. இரண்டையும் சேர்த்தால், ஏறக்குறைய முழுவதும் மோட்டார் வாகனம் நுழையாத 537 கிலோமீட்டர் தடம் கிடைக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முன் அனுமதியும் தேவையில்லை.

இப்பாதைகளில் பெரிதும் பயன்படும் 'கிராவல் பைக்' என்பது பந்தய மிதிவண்டிக்கும் மலை மிதிவண்டிக்கும் இடைப்பட்டது. வளைந்து கீழிறங்கும் கைப்பிடி பந்தய வண்டியினுடையது. ஏறத்தாழ 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள டயரும், ஏற்றத்தில் காலுக்குச் சுமை குறைக்கும் தாழ்ந்த கியர்களும், ஈரத்திலும் பிடிப்பு விடாத டிஸ்க் பிரேக்கும் மலை வண்டியிலிருந்து வந்தவை. பந்தய வண்டியின் ஒடுங்கிய டயரில் காற்றை இறுக அடைப்பது வழக்கம். கிராவல் பைக்கின் டயரில் அதில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோ அடைப்பதால், டயர் சிறு கற்களின் மேல் துள்ளாமல் சற்றே அமுங்கி அவற்றைத் தழுவிக் கடக்கிறது.

தளத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பாதையை அமைத்தவர்களின் அறிவுக்கூர்மை அதில்தான் மிகுதியாக வெளிப்படுகிறது. கிரேட் அலெகேனி பேசேஜின் பெரும்பகுதி, கிரஷரில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் துகள்களால் ஆனது. ரயில் தடத்திற்கென முன்பே இறுக்கப்பட்ட அடித்தளத்தின் மேல் இத்துகளைப் பரப்பி ரோலரால் அழுத்தினால், மாவு போன்ற நுண்துகளும் மழைநீரும் சேர்ந்து அதை ஓரளவு இறுகிய தளமாக்கிவிடுகின்றன. தார்த்தளம் இதைவிட வழவழப்பானதுதான்; ஆனால், குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிவதும் பின்னர் உருகுவதும் மாறிமாறி நிகழும் மலைப்பகுதியில் தார் வெடிக்கும், மரவேர்கள் அதைப் பெயர்க்கும், பழுதுபார்க்கப் பெரிய இயந்திரங்களும் ஒப்பந்தக்காரர்களும் வேண்டும். சரளைத் தளத்தில் மழை அரித்த பள்ளத்தை ஒரு லாரி கல்தூளும் சில மண்வெட்டிகளும் கொண்டு அந்தந்த ஊரின் தன்னார்வலர்களே ஒரு பகலில் சரிசெய்துவிட முடியும். பராமரிப்பைத் தலைநகரின் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க விடாமல், ஊராரின் கைக்கு எட்டும் தொலைவில் வைத்த இம்முடிவு, சிக்கனம் என்ற அளவில் மட்டுமல்லாமல் குடியாட்சி என்ற அளவிலும் சரியானது.

பாதையின் புவியியல் அதன் சாய்விலேயே புலப்படும். பிட்ஸ்பர்க்கில் மொனொங்ககேலா ஆற்றங்கரையில் தொடங்கும் தடம், மெக்கீஸ்போர்ட்டில் யாக்கியகேனி ஆற்றைப் பிடித்து, அது வடக்கு நோக்கி ஓடிவரும் திசைக்கு எதிராக மேலேறி, கான்ஃபுளுவன்ஸ் என்னும் சிற்றூரில் கேசல்மன் ஆற்றுக்கு மாறி, மையர்ஸ்டேலைக் கடந்து 729 மீட்டர் உயரத்தில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேட்டை அடைகிறது. நீர்ப்பிரிமேடு என்பது மழைநீர் எந்தக் கடலுக்குச் செல்லும் என்பதை முடிவு செய்யும் முகடு: இதற்கு மேற்கே விழும் மழை கேசல்மன், யாக்கியகேனி, மொனொங்ககேலா, ஓஹையோ, மிசிசிப்பி என ஆறு மாறி ஆறாகச் சென்று மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது, கிழக்கே விழுவது பொடோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவைச் சேர்கிறது. மேற்கிலிருந்து இம்முகட்டுக்கு ஏறுவதற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் இருப்பதால் ஏற்றம் காலுக்குத் தெரிவதேயில்லை. கிழக்கே கம்பர்லாண்டிலிருந்து வருபவருக்கோ 38 கிலோமீட்டரில் 500 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டியுள்ளது. அப்போதும் சாய்வு நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவதில்லை, ஏனெனில் நிலக்கரி ஏற்றிய ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சின் அதற்கு மேல் திணறியிருக்கும்.

முகட்டுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள பிக் சேவேஜ் சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. குளிர்காலத்தில் உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைச் சிதைக்காதிருக்க, இரு வாயில்களிலும் கதவுகள் பொருத்தி மூடப்படுகிறது. எனவே நவம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இத்தடத்தில் முழுப் பயணம் இயலாது. முகட்டுக்கு மேற்கே, மையர்ஸ்டேல் அருகே கேசல்மன் பள்ளத்தாக்கின் மேல் 582 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் சாலிஸ்பரிப் பாலத்தில் செல்பவருக்குக் கீழே ஆறும் வயல்களும் நெடுஞ்சாலையும் ஓடும் ரயிலும் ஒரே பார்வையில் தெரியும். இவையெல்லாம் வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே நிறுவனம் 1912ஆம் ஆண்டு முடித்த கானெல்ஸ்வில் நீட்டிப்பின் பகுதிகள். பள்ளத்தாக்கில் பால்டிமோர்–ஓஹையோ ரயில்வேயின் தடம் முன்பே இருந்தும், போட்டிக்காக இரண்டாவது தடம் போடப்பட்டது. 1970களில் இரு நிறுவனங்களும் ஒரே குழுமத்தின் கீழ் வந்தபோது, இரண்டில் ஒன்று மிகையானது. 1975ஆம் ஆண்டு இந்தத் தடம் கைவிடப்பட்டது. மிஞ்சிய மற்றொன்றில் இன்றும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன.

நாட்டுப்புற அழகை மட்டும் நாடி இப்பாதைக்கு வருபவர்கள் அதன் முக்கியமான பகுதியைத் தவறவிடுகிறார்கள். இது தொழிலாளர் வரலாற்றின் ஊடாகச் செல்லும் பாதை. தமிழர் பலருக்குப் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலால் அறிமுகமான பிட்ஸ்பர்க், அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலம் எஃகின் நகரம். பாதையிலிருந்து ஆற்றைக் கடந்து நகர மையத்துக்குச் செல்லும் 'ஹாட் மெட்டல்' பாலம், ஊதுலையில் உருகிய இரும்பைத் தொட்டி வண்டிகளில் கொதிக்கக் கொதிக்க மறுகரையின் எஃகாலைக்குக் கொண்டு சென்ற பாலம். அதன் ஒரு பாதி 2007ஆம் ஆண்டு முதல் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரியது. சற்றுத் தொலைவில், ஹோம்ஸ்டெட் எஃகாலையின் பழைய நீரேற்று நிலையம் பாதையோரம் நிற்கிறது. 1892 ஜூலை 6 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை அடக்கப் படகில் வந்திறங்க முயன்ற பிங்கர்ட்டன் தனியார் காவலர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நிகழ்ந்தது அந்தக் கரையில்தான். இரு தரப்பிலும் பலர் இறந்தனர். 1986ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டு, இன்று அந்த நிலத்தில் வணிக வளாகம் இருக்கிறது.

யாக்கியகேனிக் கரையில் மேலே சென்றால் நிலக்கரி நாடு. எஃகு உருக்கத் தேவையான கற்கரி, அதாவது நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுப் பெறும் எரிபொருள், கானெல்ஸ்வில் வட்டாரத்தின் தேன்கூட்டு வடிவச் சூளைகளிலிருந்துதான் பிட்ஸ்பர்க்குக்குப் போனது. வான் மீட்டர் என்னும் இடத்தில் டார் நிலக்கரிச் சுரங்கத்தில் 1907 டிசம்பர் 19 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 239 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர். பென்சில்வேனியாவின் சுரங்க விபத்துகளிலேயே மிகக் கொடியது அது. அன்று புனித நிக்கலஸ் திருநாளுக்காகக் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பலர் வேலைக்குச் செல்லாதிருந்ததால்தான் இறப்பு இன்னும் பெருகவில்லை. மூடிய சுரங்கங்களின் எச்சம் நீரிலும் தெரிகிறது. நிலக்கரிப் படுகையில் உள்ள இரும்புக் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறி, பாதையோரப் பாறைகளைச் செங்காவி நிறமாக்குகிறது. சுற்றுலா விளம்பரங்கள் இதை அழகிய வண்ண அருவியாகக் காட்டுவது வருந்தத்தக்கது. அது ஒரு தொழில் தன் கணக்கை முடிக்காமல் விட்டுச் சென்ற கடன். அதைத் தீர்க்கும் சுமை பின்வந்தவர்கள் மேல் விழுந்தது.

கம்பர்லாண்டுக்குக் கிழக்கே தொடரும் கால்வாய்ப் பாதையின் கதை இதனினும் பழையது. பொடோமாக்கையும் ஓஹையோவையும் நீர்வழியால் இணைப்பது ஜார்ஜ் வாஷிங்டனின் நீண்டநாள் எண்ணம். 1754இல் இளம் படை அதிகாரியாக யாக்கியகேனியில் படகில் இறங்கிப் பார்த்த அவர், ஓஹையோபைல் அருவியைக் கண்டு, அந்த ஆறு படகுக்கு உதவாது எனத் திரும்பினார். 1785இல் பொடோமாக் ஆற்றைச் சீராக்கத் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கு அவரே முதல் தலைவர். அந்நிறுவனத்தின் வாரிசாக வந்த கால்வாய்த் திட்டத்துக்கு 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. போட்டியில் வென்றது ரயில்: அது 1842இல் கம்பர்லாண்டை எட்டியபோது, கால்வாய்க்கென மலையடிவாரத்தில் குடையத் தொடங்கிய போ போ சுரங்கம் இன்னும் முடியாமல் கிடந்தது. இரண்டே ஆண்டுகளில் முடியும் என 1836இல் தொடங்கிய, 950 மீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம் 1850இல்தான் முடிந்தது. காலராவாலும் கூலிப் பாக்கியாலும் கலவரங்களாலும் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பட்ட துன்பம் அக்கால்வாயின் நெடுகிலும் உண்டு. கம்பர்லாண்டுக்கு அப்பால் மலையைத் தாண்டும் பகுதி வெட்டப்படவேயில்லை. வாஷிங்டன் எண்ணிய இணைப்பு, 2013ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அருகே கடைசி இடைவெளி நிரப்பப்பட்டபோதுதான் நிறைவேறியது. சரக்குப் படகுக்கு அல்லாமல் மிதிவண்டிக்கு.

கால்வாயில் 74 'லாக்'குகள் உண்டு. லாக் என்பது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி. படகை உள்ளே விட்டு நீரை நிரப்பியும் வடித்தும் அதை மேலும் கீழும் மாற்றுவார்கள். குறுக்கிடும் சிற்றாறுகளின் மேல் கால்வாயைக் கொண்டு செல்லக் கல்லால் கட்டிய தொட்டிப்பாலங்கள் 11. 1924ஆம் ஆண்டின் வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் கூட்டரசு இதை இருபது லட்சம் டாலருக்கு வாங்கியது. கீழ்ப்பகுதியைச் சீரமைத்தவர்கள் வேலையின்மைக் காலத்தின் அரசுத் திட்டத்தில் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். பாதையைப் பற்றிப் பேசும் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு எழுந்த திட்டம் கால்வாயின் மேல் மோட்டார் சாலை போடுவது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' தலையங்கம் அதை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை எதிர்த்து, ஆசிரியர் குழுவினர் தம்மோடு கால்வாய் முழுவதும் நடந்து பார்த்துவிட்டு எழுதட்டும் என்று அழைத்தார். மார்ச் மாதத்தில் நடைபெற்ற அப்பயணத்தில் முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள் 9 பேர். நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆயினும் அந்நிலம் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நீதிபதியின் நடை காப்பாற்றியது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். உண்மையில் அதைக் காப்பாற்றியது 1938ஆம் ஆண்டின் கொள்முதல். நிலம் துண்டு துண்டாகத் தனியாரிடம் போயிருந்தால், டக்ளஸ் நடப்பதற்கே வழி இருந்திருக்காது.

ரயில் தடத்தின் அனுபவம் இதை மறுபக்கத்திலிருந்து மெய்ப்பிக்கிறது. 1975இல் கைவிடப்பட்ட தடத்தில் கானெல்ஸ்வில்லுக்கும் கான்ஃபுளுவன்ஸுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 43 கிலோமீட்டரை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 1978இல் வாங்கி, ஓஹையோபைல் மாநிலப் பூங்காவுக்கென ஒதுக்கியது. அதில் முதல் 15 கிலோமீட்டர் 1986இல் திறக்கப்பட்டது. மற்றவற்றைப் பல கைகளிலிருந்து சேர்க்கவும், பாலங்களைப் பழுதுபார்க்கவும், சுரங்கப்பாதைகளை மீட்கவும் மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1912இல் ஒரே நிறுவனம் சில ஆண்டுகளில் கட்டிய மலைத்தடத்தை மீண்டும் ஒன்று சேர்க்க, ஏழு தன்னார்வ அமைப்புகளின் கூட்டணிக்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கான தீர்வை 1983இல் கண்டது. தேசியப் பாதைகள் சட்டத்தில் அவ்வாண்டு சேர்க்கப்பட்ட பிரிவின்படி, ஒரு ரயில் தடத்தில் போக்குவரத்து நின்றாலும், எதிர்காலத்தில் ரயில் தேவைப்படக்கூடும் என்ற நோக்கில் அத்தடத்தைக் கலைக்காமல் நிறுத்திவைத்து, இடைக்காலத்தில் பாதையாகப் பயன்படுத்தலாம். தடச் சேமிப்பு எனலாம் இதை. ரயில் நிறுவனங்கள் தடத்துக்கான நிலத்தைப் பல இடங்களில் விலைக்கு வாங்காமல் வழியுரிமையாக மட்டுமே பெற்றிருந்தன. ரயில் ஓய்ந்தால் உரிமை அருகிலுள்ள நில உடைமையாளருக்குத் திரும்பிவிடும், தடம் நூறு துண்டாகும். புதிய சட்டம் அதைத் தடுத்தது. நில உடைமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். சட்டம் செல்லும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இழப்பீடு கோரும் வழியையும் அடைக்கவில்லை. தம் தோட்டத்தின் நடுவே அயலார் போவதை விரும்பாத உடைமையாளரின் மனக்குறை பொருளற்றதன்று. அதற்கு உரிய விடை இழப்பீடு, தடத்தைக் கலைப்பதன்று. வெஸ்டர்ன் மேரிலாண்ட் தடம் இச்சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே கைவிடப்பட்டதுதான் அதை மீட்டவர்களின் துரதிர்ஷ்டம்.

பாதையால் வட்டாரத்துக்குக் கிடைத்த நன்மையை மிகைப்படுத்தவும் கூடாது. ஓஹையோபைல், கான்ஃபுளுவன்ஸ், மையர்ஸ்டேல், ஃபிராஸ்ட்பர்க் போன்ற சிற்றூர்களில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் மிதிவண்டிக் கடைகளும் பயணிகளை நம்பி நடக்கின்றன. ஆள் குறைந்துவந்த ஊர்களுக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் 1940இல் 55,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மெக்கீஸ்போர்ட்டில், குழாய் ஆலை மூடப்பட்ட பின், 2020இல் இருந்தவர்கள் 18,000க்கும் குறைவு. பாதை அந்நகரின் வழியாகத்தான் செல்கிறது. அது கொண்டுவரும் காப்பிக் கடை வருமானம் எஃகாலையின் கூலியை ஈடுசெய்யாது. சுற்றுலாவைத் தொழிற்கொள்கையின் மாற்றாகக் காட்டும் ஆட்சியாளர்களிடம் இந்த எண்களை எடுத்துக்காட்ட வேண்டும்.

மாறாக, இப்பாதை மெய்யாகவே தந்தது வேறு. விலையுயர்ந்த வண்டியில் வரும் நெடுந்தூரப் பயணியும், பழைய சைக்கிளில் பக்கத்து ஊருக்குச் செல்லும் முதியவரும், நடைப்பயிற்சிக்கு வரும் பெண்களும் ஒரே தடத்தை அச்சமின்றிப் பயன்படுத்துகிறார்கள். கால்வாய்க் கரையில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்த, கைப்பம்பும் கழிப்பறையும் உள்ள முகாமிடங்களில் பணமில்லாமல் இரவு தங்கலாம். வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்ட் வழியாகப் பிட்ஸ்பர்க் செல்லும் பயணிகள் ரயிலில் 2015 முதல் மிதிவண்டியைப் பிரிக்காமல் ஏற்றலாம் என்பதால், ஒரு திசையில் மட்டும் மிதித்துவிட்டுத் திரும்புவதும் எளிதாயிற்று. மேலும் கடினமான வழியை நாடுவோர் போ போவுக்கு அருகில் கிரீன் ரிட்ஜ் மாநிலக் காட்டின் செங்குத்தான சரளைச் சாலைகளில் ஏறிக்கொள்ளலாம். பொடோமாக்கின் வெள்ளம் கரையை அடிக்கடி அரித்துச் செல்வதும், 1972, 1985, 1996 ஆகிய ஆண்டுகளில் கால்வாய் கடுமையாகச் சேதமுற்றதும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதைச் செப்பனிட முடிந்தது, நிலம் பொதுவுடைமையாக இருந்ததால்.

ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ மலைச்சரிவிலோ பழைய ரயில் தடத்தையும் கால்வாய்க் கரையையும் கொண்ட எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். தளத்தை எந்தக் கல்லால் அமைப்பது, யார் பராமரிப்பது, வழியில் எங்கே தங்குவது என்பவற்றைப் பத்தாண்டுகள் கழித்தும் முடிவு செய்யலாம். விற்றுவிட்ட நிலத்தைத் திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறை போதாமலும் போகும். ஒரு தடத்தை மூடும் அரசாணையில், தண்டவாள இரும்பை எவருக்கு ஏலம் விடுவது என்று எழுதுவதற்கு முன்பே, அந்த நிலம் துண்டாகாமல் பொதுமக்களின் பெயரில் நிற்கும் என்பது எழுதப்பட்டாக வேண்டும்.